போவிட்டியா கசாயம்: நஞ்சு கொடுத்த எலிகளிலேயே ஏஎல்டி முன்னுக்குப்பின் முரணாக வருகிறது, எங்கே பிழை?

கொட்டகலை இலை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்கு ஹீன் போவிட்டியா இலைக் கசாயம் ஈரலைக் காக்கிறதா என்று எலிகளில் பார்க்கிறோம். ஒழுக்கவியல் குழுவின் அனுமதி கிடைத்துவிட்டது. முன்னோட்டச் சோதனையின் முடிவு குழப்பமாக இருப்பதால், செய்த முறையை அப்படியே எழுதுகிறேன்.

இலையைத் தேயிலை மலை ஓரத்தில் பறித்து, அறைக்குள் நிழலில் 9 நாள் காயவைத்து அரைத்தோம். 60 கிராம் தூளை 1920 மில்லிலீற்றர் தண்ணீரில் போட்டு 240 ஆகும்வரை வற்றவைத்து, வடித்து, நீர்த்தொட்டியில் வைத்துச் சுண்டவைத்தோம். 9 கிராம் பசை கிடைத்தது.

எலிகள் விஸ்டார் ஆண்கள், 180 முதல் 200 கிராம், ஒரு குழுவுக்கு 6. கசாயப் பசை கிலோவுக்கு 500 மில்லிகிராம் வீதம் 7 நாள் வாய்வழி. ஏழாம் நாள் காபன் டெட்ராக்ளோரைட்டும் ஒலிவ் எண்ணெயும் சம அளவில் கலந்து, கலவையைக் கிலோவுக்கு 2 மில்லிலீற்றர் வீதம் வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்டோம். 24 மணித்தியாலத்தில் குருதி எடுத்து ஏஎல்டி, ஏஎஸ்டி (ஈரல் கலம் சேதமானால் குருதிக்குள் கசியும் நொதியங்கள்) பார்த்தோம்.

நஞ்சு மட்டும் கொடுத்த 6 எலிகளில் மூன்றுக்கு ஏஎல்டி 900க்கு மேல், இரண்டுக்கு 300க்குக் கீழ், ஒன்றுக்கு 62. அந்த 62 வந்த எலியின் ஈரல்தான் எல்லாவற்றிலும் வெளிறி, புள்ளி புள்ளியாக, தொட்டால் நொறுங்கும் பதத்தில் இருந்தது. கசாயம் கொடுத்த குழுவிலும் இதே மாதிரிச் சிதறல். இதை வைத்துக் காக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, காக்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. நஞ்சைப் பரசிட்டமோலுக்கு மாற்றினால் சரியாகுமா?

நொதியம் 340 எழுதியது:

தங்கச்சி, நஞ்சை மாற்ற முன்னர் அந்த 62 ஐப் பாருங்கள். ஈரல் நொறுங்கியிருக்க ஏஎல்டி 62 வராது. அந்தச் சீரத்தை அளந்தபோது கிட்டின் வினைபொருளில் இருந்த என்ஏடிஎச் (ஏஎல்டி வேலை செய்யச் செய்யச் செலவாகும் பொருள்) தீர்ந்துபோயிருக்கிறது.

இந்த முறையில் என்ஏடிஎச் செலவாகச் செலவாக 340 நனோமீற்றரில் ஒளி உறிஞ்சல் நிமிடத்துக்கு எவ்வளவு குறைகிறது என்பதைத்தான் அளக்கிறோம். 1 மில்லிலீற்றர் வினைபொருளில் 100 மைக்ரோலீற்றர் சீரம் விட்டால் பெருக்கும் காரணி 1768 (1.1 ஐ 0.1 ஆலும் 6.22 ஆலும் வகுத்து 1000 ஆல் பெருக்கினால் வருவது). ஏஎல்டி 1200 உள்ள சீரத்தில் உறிஞ்சல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.68 இறங்கும். உண்மை அளவு 3000 என்றால் 1.7 இறங்க வேண்டும். ஆனால் குவெட்டில் (ஒளி உறிஞ்சலை அளக்கும் சிறு கிண்ணம்) இருக்கும் என்ஏடிஎச் முழுவதும் சேர்ந்தே ஏறத்தாழ 1.1 தான் தரும். முதல் ஒரு நிமிடம் நாம் வாசிக்காமல் விடுகிறோம் அல்லவா, அந்த நிமிடத்துக்குள்ளேயே எல்லாம் எரிந்து முடிந்துவிடும். பிறகு வாசிப்பது வெறும் தட்டையான கோடு. மெசின் அதைக் "குறைந்த ஏஎல்டி" என்று சொல்லும். ஆக, அதிகம் பாதிக்கப்பட்ட எலிக்கே மிகக் குறைந்த எண் வருகிறது. கசாயக் குழுவில் இப்படி ஒரு எலி விழுந்தால் மருந்து காத்துவிட்டது என்று எழுதிவிடுவோம், அதுதான் பயம்.

கண்டுபிடிக்க எளிய வழி: நிமிடத்துக்கான மாற்றத்தை மட்டும் குறிக்காமல், தொடக்க உறிஞ்சலையும் எழுதி வையுங்கள். சாதாரண எலியின் சீரம் 1 ஐ ஒட்டித் தொடங்கினால், சந்தேகத்துக்குரியது 0.3 அல்லது அதற்கும் கீழே தொடங்கி அசையாமல் நிற்கும். அப்படி நின்றால் 100 மைக்ரோலீற்றர் சீரத்துடன் 900 மைக்ரோலீற்றர் 0.9 சதவீத உப்புக்கரைசல் விட்டு ஐதாக்கி, மறுபடி அளந்து, 10 ஆல் பெருக்குங்கள். நஞ்சு கொடுத்த எல்லா எலிகளின் சீரத்தையும் எடுத்த எடுப்பிலேயே ஐதாக்கித்தான் அளக்க வேண்டும்.

ஏஎஸ்டிக்கு இன்னொரு தொல்லை: செங்கலம் உடைந்து சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் ஏஎஸ்டி பொய்யாக ஏறும், ஏனென்றால் செங்கலத்துக்குள்ளும் ஏஎஸ்டி உண்டு. மெல்லிய ஊசியால் வேகமாக இழுப்பதும், ஊசியைக் கழற்றாமல் குழாய்க்குள் பீச்சுவதும்தான் வழமையான காரணம். ஈரலுக்கு ஏஎல்டியையே முதன்மையாகப் பிடியுங்கள்.

வெள்ளெலிக்கூடு எழுதியது:

மேலே சொன்னது 62 க்குச் சரி. ஆனால் 300க்குக் கீழே வந்த இரண்டும் உண்மையிலேயே குறைவாக இருக்கலாம். அப்படியானால் பிழை நஞ்சு கொடுத்த விதத்தில்.

காபன் டெட்ராக்ளோரைட் 77 பாகையில் கொதிக்கும் பொருள். ஒலிவ் எண்ணெயில் நன்றாகக் கரையும், அடியில் தங்காது. ஆனால் கலவையைத் திறந்த பீக்கரில் வைத்துக்கொண்டு 30 எலிக்கு ஊசி போட்டால் கடைசி எலிக்கு எண்ணெய்தான் மிஞ்சும். அன்றன்று கலந்து, இறுக மூடும் கண்ணாடிக் குப்பியில் வையுங்கள், ஆவி உறிஞ்சும் கூண்டுக்குள் மட்டும் திறவுங்கள். சாதாரண பிளாஸ்டிக் சிரிஞ்சின் ரப்பர் முனை இதில் ஊறிப் பருத்து இறுகும். தள்ளும்போது திடீரென்று வழுக்கி, அளவு கூடும் அல்லது பாதியில் நிற்கும். கண்ணாடிச் சிரிஞ்சே வேண்டும்.

ஊசி போடும் இடம் எலியின் வலப்பக்கக் கீழ்வயிறு. இடப்பக்கம் சீக்கம் (பெருங்குடலின் தொடக்கப் பை) கிடக்கிறது, அதற்குள் போனால் நஞ்சு உள்ளே பரவாது. தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, ஊசி ஏறியதும் மெல்லப் பின்னிழுத்துப் பாருங்கள். பச்சையோ பழுப்போ குருதியோ வந்தால் அந்த ஊசியையும் மருந்தையும் எறிந்துவிட்டுப் புதிதாக எடுங்கள்.

அளவையும் யோசிக்க வேண்டும். கலவையில் கிலோவுக்கு 2 மில்லிலீற்றர் என்றால் சுத்த நஞ்சு 1 மில்லிலீற்றர். அது கனத்த அடி. அவ்வளவு அடித்தால் நல்ல மருந்தின் பாதுகாப்பும் தெரியாமல் போகும். சுத்த நஞ்சாகக் கிலோவுக்கு 0.25, 0.5, 1 மில்லிலீற்றர் என மூன்று அளவுகளை அளவுக்கு 3 எலி வைத்துப் பார்த்து, ஏஎல்டி தெளிவாக ஏறியும் எலி சோர்ந்து விழாத அளவைத் தேர்ந்தெடுங்கள். எலி சுருண்டு, மயிர் சிலிர்த்து, தொட்டாலும் அசையாமல் கிடந்தால் 24 மணித்தியாலம் காத்திருக்காமல் அப்போதே முடித்துவிட வேண்டும். அனுமதிப் பத்திரத்தில் இந்த எல்லை எழுதியிருக்க வேண்டும்.

குழுக்களை எழுதவில்லையே. குறைந்தது இவை வேண்டும்: ஊடகமும் (மருந்தில்லாமல், அதைக் கலக்கும் கரைசல் மட்டும்) எண்ணெயும், கசாயமும் எண்ணெயும் (நஞ்சு இல்லை), ஊடகமும் நஞ்சும், சிலிமரினும் (ஒப்பிடுவதற்கான ஈரல் காப்பு மருந்து) நஞ்சும், கசாயம் இரண்டு அளவுகளில் நஞ்சுடன். இரண்டாவது குழுவைத்தான் நிறையப் பேர் எலி மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். மூலிகை என்பதற்காக ஈரலுக்கு நல்லது என்று முன்கூட்டியே கொள்ள முடியாது. பேராதனை ஆய்வாளர்கள் 1981 இல் வெளியிட்ட கட்டுரையிலேயே, இலங்கையில் வழங்கும் சில மூலிகைகளில், கிலுகிலுப்பை உட்பட, ஈரலை அழிக்கும் பைரோலிசிடின் அல்கலாயிட்டுகள் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். கசாயம் மட்டும் குடித்த எலியின் ஈரல் எப்படி இருக்கிறது என்று காட்டாத ஆய்வு பாதி ஆய்வுதான்.

சிலிமரின் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வாய்வழி கொடுங்கள். தண்ணீரில் கரைத்தால் போதும்.

நொதியம் 340 எழுதியது:

சிலிமரின் தண்ணீரில் கரையாது, அடியில் மஞ்சளாகத் தங்கிவிடும். 0.5 சதவீத காபொக்சிமெதில் செலுலோசில் அரைத்துத் தொங்கலாக்கி, ஒவ்வொரு எலிக்கும் இழுக்க முன்னர் குலுக்க வேண்டும். அதே செலுலோசுக் கரைசல்தான் மற்றக் குழுக்களுக்கும் ஊடகமாகப் போக வேண்டும்.

வெள்ளெலிக்கூடு எழுதியது:

ஆம், அது என் பிழை. செலுலோசில்தான்.

பச்சிலை மூட்டை எழுதியது:

நஞ்சையும் நொதியத்தையும் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் இலைக்கு வருகிறேன், ஏனென்றால் இலை பிழைத்தால் மிச்சமெல்லாம் வீண்.

முதலாவது, செடி சரியா? போவிட்டியா என்று மலையில் இரண்டு மூன்று செடிகளைச் சொல்வார்கள். ஹீன் போவிட்டியா ஒஸ்பெக்கியா ஒக்டாண்ட்ரா. பெயரே அடையாளம்: பூவில் 4 இதழ், 8 மகரந்தக்கேசரம். ஒஸ்பெக்கியா அஸ்பெராவில் 5 இதழ், 10 கேசரம். பெரிய பூவுடைய மெலஸ்டோமாவிலும் 10 தான், ஆனால் ஐந்து நீண்டு வளைந்து ஊதாவாகவும் ஐந்து குட்டையாக மஞ்சளாகவும் இரு வகையாக நிற்கும். பழம் வெடித்தால் உள்ளே கருநீலச் சதை, தின்றால் நாக்கு கறுக்கும். ஒஸ்பெக்கியாவின் காய் உலர்ந்த கிண்ணம் போல இருக்கும். பூ இல்லாத காலத்தில் இலையை மட்டும் பறித்தால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பூவும் காயும் உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, பேராதனைப் பூங்காவில் உள்ள தேசிய ஹெர்பேரியத்தில் (உலர் செடி மாதிரிகள் சேகரித்த இடம்) காட்டி உறுதிப்படுத்தி, மாதிரி இலக்கத்தை ஆய்வறிக்கையில் எழுதுங்கள். கீழாநெல்லியில் வேலை செய்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். அமாரஸ், டெபிலிஸ், யூரினாரியா மூன்றும் ஒரே கட்டில் கலந்து சந்தைக்கு வரும்.

இரண்டாவது, தேயிலை மலை ஓரம். அங்கே களைநாசினி அடிப்பார்கள், மருந்து காற்றில் ஓரச் செடிக்கும் வரும். எலிக்குக் கசாயத்தோடு களைநாசினியையும் கொடுத்தால் எதை அளக்கிறோம்? மருந்தடிக்காத மேட்டில், வீதியிலிருந்து தள்ளிப் பறியுங்கள்.

மூன்றாவதுதான் என்னைக் கூடுதலாக உறுத்துகிறது: 9 நாள் அறை நிழல். மூடுபனி விழும் ஊரில் காற்றே ஈரம். 9 நாள் கழித்தும் நடு நரம்பை மடித்தால் முறியாமல் வளைந்திருக்கும். இலையைப் புரட்டி, அடிப்பக்க நரம்புகளின் கவட்டில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரித் தெரிந்தால் பூஞ்சணம். சில பூஞ்சணங்களின் நஞ்சு நேராக ஈரலைத் தாக்கும், அஃபிளாடொக்சின் அதில் பேர்போனது. ஈரலைக் காக்கும் மருந்தென்று ஈரல் நஞ்சையே ஊட்டிவிடக் கூடாது. காற்று ஓடும் ஓவனில் 40 பாகையில், ஒரே அடுக்காகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் வையுங்கள். நிறை மாறாமல் நின்ற பிறகே அரையுங்கள். தூளை ஈரம் புகாத போத்தலில் சிலிக்கா பையுடன் மூடி வையுங்கள்.

60 கிராமை 8 பதத் தண்ணீரில் (ஒரு பதம் 240 மில்லிலீற்றர்) இட்டு 1 பதமாக வற்றவைத்தது மரபு முறைதான், அதை மாற்ற வேண்டாம். மக்கள் குடிப்பது அதைத்தான். ஆனால் அதற்குப் பிறகு நீர்த்தொட்டியில் மணிக்கணக்காகச் சுண்டவைத்தது மரபில் இல்லை. இந்தக் குடும்பச் செடிகளில் நீராற்பகுக்கப்படும் தனின்கள் அதிகம், சூட்டில் நின்றால் உடையும். வடித்ததும் உறையவைத்து, உறைநிலை உலர்த்தியில் தூளாக்குங்கள். பசை என்றால் அதில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது, 500 மில்லிகிராம் என்பதும் உண்மையான 500 ஆக இராது.

ஒவ்வொரு தொகுதிக்கும் ஃபோலின் முறையில் மொத்த பீனோலை காலிக் அமிலச் சமானமாக அளந்து, சாற்றின் பொருள்களைப் பிரித்துக் காட்டும் மெல்லிய படலத் தகட்டில் ஒரு ஓட்டமும் எடுத்து வையுங்கள். இரண்டாம் முறை செய்யும்போது அதே சாறுதான் என்று காட்ட வேறு வழியில்லை.

அளவுக்கும் ஒரு கணக்கு. 60 கிராம் இலை 9 கிராம் சாறு தருகிறது, அதை ஒரு நாளில் 60 கிலோ ஆள் குடிக்கிறார் என்றால் கிலோவுக்கு 150 மில்லிகிராம். மனித அளவை எலி அளவாக்கும் காரணியான 6.2 ஆல் பெருக்கினால் 930. நீங்கள் கொடுத்த 500 மனிதர் குடிப்பதில் பாதியளவுதான். 500 உம் 1000 உம் வையுங்கள். 1000 க்குக் கிலோவுக்கு 10 மில்லிலீற்றர் என்று ஊட்டினால் மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராம் வரும், குழாயில் அடைக்கும். காலை மாலை என இரண்டாகப் பிரியுங்கள், கசாயத்தையும் ஆட்கள் அப்படித்தான் குடிக்கிறார்கள்.

கலமும் சாறும் எழுதியது:

பரசிட்டமோலுக்கு மாற்றலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மாற்ற வேண்டாம், இரண்டாவது மாதிரியாகச் சேருங்கள். ஆனால் எதற்காகச் சேர்க்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

காபன் டெட்ராக்ளோரைட் தானாக ஈரலைக் கொல்வதில்லை. ஈரலில் உள்ள சைட்டோகுரோம் 2ஈ1 என்ற நொதியம் அதை உடைத்து மூலிகமாக்குகிறது (எதையும் தாக்கும் துண்டு), அந்த மூலிகம்தான் கலச்சவ்வின் கொழுப்பை எரிக்கிறது. பரசிட்டமோலும் பெரும்பாலும் இதே நொதியத்தால்தான் நாப்கி என்ற நச்சுப்பொருளாகிறது. ஆகவே, உங்கள் கசாயம் அந்த நொதியத்தை அடக்கினாலே போதும், இரண்டு மாதிரியிலும் ஏஎல்டி அழகாக இறங்கும். ஈரல் காக்கப்பட்டது போலத் தெரியும். உண்மையில் நஞ்சே உருவாகியிருக்காது. மூலிகை ஆய்வுகளில் அடிக்கடி நடக்கும் பெரிய பிழை இதுதான். ஏற்கெனவே பாதிக்கப்பட்ட ஈரலோடு வரும் நோயாளிக்கு அப்படிப்பட்ட மருந்தால் பயனில்லை.

இதைப் பிரித்தறிய இரண்டு வேலை செய்யுங்கள்.

ஒன்று: பரசிட்டமோல் கொடுத்த பின், ஏஎல்டி ஏற நெடுநேரம் முன்பே, 30 நிமிடத்தில் சில விலங்குகளின் ஈரலை எடுத்து குளூட்டதயோன் (ஈரலின் தற்காப்புப் பொருள்) பாருங்கள். நாப்கி உருவானால் அது குளூட்டதயோனைத் தின்று தீர்க்கும். கசாயம் கொடுத்தவற்றிலும் குளூட்டதயோன் அதே அளவு விழுந்து, பின்னர் ஏஎல்டி குறைவாக இருந்தால், அது உண்மையான பாதுகாப்பு. குளூட்டதயோன் விழவே இல்லை என்றால் நஞ்சாவதைத் தடுத்திருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கும். ஈரல் துண்டை எடுத்த உடனே பனிக்கட்டியில் வைத்து, 5 சதவீத டிரைகுளோரோ அசற்றிக் அமிலத்தில் அரைத்து, எல்மன் வினைபொருளுடன் 412 நனோமீற்றரில் வாசியுங்கள். மேசையில் கிடந்தால் குளூட்டதயோன் தானாகவே குறையும்.

இரண்டு: நஞ்சுக்குப் பிறகு கசாயம் தொடங்கும் ஒரு குழுவை வையுங்கள். நஞ்சு கொடுத்து 2 மணித்தியாலம் கழித்து முதல் வேளை. இதில் பலன் முன்சிகிச்சையை விடக் குறைவாகத்தான் வரும். வந்தால் அது பெறுமதியானது.

பரசிட்டமோலுக்கு எலி தோதில்லை, எளிதில் தாங்கிவிடும். சுண்டெலி ஆண்களை எடுங்கள். இரவு முழுக்கப் பட்டினி போடாவிட்டால் குளூட்டதயோன் விலங்குக்கு விலங்கு வேறுபட்டுச் சிதறல் வரும். கிலோவுக்கு 300 மில்லிகிராம், வயிற்றறைக்குள். வெதுவெதுப்பான உப்புக்கரைசலில் மில்லிலீற்றருக்கு 15 மில்லிகிராம் கரையும், 25 கிராம் சுண்டெலிக்கு 0.5 மில்லிலீற்றர் வரும். ஆறினால் ஊசிக்குள் பளபளவென்று படிகம் இறங்கும், அந்தச் சுண்டெலிக்கு அளவு குறையும். ஆகவே குப்பியைச் சுடுநீரில் வைத்துக்கொண்டு, உடல் சூட்டுக்கு ஆறியதும் போட்டுவிட வேண்டும். நன்றாகக் கரையட்டும் என்று டிஎம்எஸ்ஓ, எதனோல், புரோப்பிலீன் கிளைக்கோல் என்று எந்தக் கரைப்பானையும் சேர்க்காதீர்கள். அவையே அந்த நொதியத்தை அடக்கிப் பொய்ப் பாதுகாப்புக் காட்டும். கசாயத்துக்குப் பதில் மதுசாரச் சாறு எடுத்து டிஎம்எஸ்ஓவில் கரைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

பரசிட்டமோலை வாய்வழி கொடுக்காததற்கும் காரணம் உண்டு. கசாயத்தின் தனின் குடலில் மருந்தின் உறிஞ்சலைத் தாமதப்படுத்தலாம், அதுவும் பாதுகாப்புப் போலவே தோன்றும்.

கொட்டகலை இலை எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. 4 பாகையில் இருந்த சீரத்தை இன்று பத்து மடங்கு ஐதாக்கி அளந்தேன். 62 வந்த எலிக்கு 2,340. தொடக்க உறிஞ்சல் முன்னர் 0.2 ஆக இருந்தது குறிப்பேட்டில் இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. 300க்குக் கீழே வந்த இரண்டும் ஐதாக்கியும் மாறவில்லை. அவை கடைசியாக ஊசி போட்டவை. இலையையும் புரட்டிப் பார்த்தேன், சில இலைகளில் சாம்பல் பஞ்சு தெரிகிறது. அந்தத் தொகுதியை எறிந்துவிட்டேன்.

இன்னும் இரண்டு கேள்வி. மீதிச் சீரத்தை மறைஇருபது (-20) பாகையில் வைத்துப் பிறகு அளக்கலாமா? இழையத் துண்டுகளை எப்படி எடுப்பது?

நொதியம் 340 எழுதியது:

வேண்டாம். ஏஎல்டி மறைஇருபதில் செயலிழந்து குறையும். 4 பாகையில் சில நாள் தாங்கும், முடிந்தால் எடுத்த அன்றே அளந்துவிடுங்கள். குருதி எடுக்கும் ஒழுங்கையும் மாற்றுங்கள்: ஒரு குழுவை முடித்து அடுத்ததற்குப் போகாமல், ஒவ்வொரு குழுவிலும் ஒன்றாக மாறி மாறி எடுத்தால் எல்லாக் குழுவும் 24 மணித்தியாலத்தை ஒட்டியே வரும். நஞ்சு ஊசியும் அதே ஒழுங்கில் போக வேண்டும்.

கணக்குப் போடும்போது ஏஎல்டி எண்களை மடக்கையாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். 900 க்கும் 2,340 க்கும் இடையில் சராசரி எடுத்தால் ஒரு எலியே முழுக் குழுவையும் இழுத்துவிடும்.

வெள்ளெலிக்கூடு எழுதியது:

இழையத்துக்கு எல்லா எலியிலும் ஒரே மடலை எடுங்கள், இடப்பெரு மடல் வசதி. 3 முதல் 5 மில்லிமீற்றர் தடிப்புக்கு மேல் போனால் நடுப்பகுதி நிலைப்படாமல் அழுகிவிடும். துண்டைப் போலப் பத்து மடங்கு கனவளவு 10 சதவீத நடுநிலைப்படுத்திய ஃபோமலினில் 24 மணித்தியாலம். பார்க்க வேண்டிய இடம் மைய நாளத்தைச் சுற்றி, ஏனென்றால் 2ஈ1 அங்கேதான் செறிந்திருக்கிறது, கலங்கள் முதலில் சாவதும் அங்கேதான். வாயில் நாளப் பக்கம் நன்றாக இருப்பதை மட்டும் படம் பிடித்துக் "காக்கப்பட்டது" என்று போடக் கூடாது. ஒரு துண்டில் 10 மைய நாளமாவது எண்ணி, சுற்றிலும் இறந்த பகுதியை 0 முதல் 4 வரை புள்ளியிடுங்கள். குழுப் பெயரை ஸ்லைடில் எழுதாமல், வேறு ஒருவர் எழுதிவைத்த இலக்கத்தை மட்டும் ஒட்டி, எல்லாப் புள்ளியும் போட்டு முடிந்த பிறகே அந்தப் பட்டியலைத் திறவுங்கள்.